சொல்லாமல் விட்ட ஒரு சொல்

போன தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, எங்கள் அம்பாங் அடுக்குமாடிக் குடியிருப்பின் சமையல் புலனக் குழுவில் நான்கு வரி எழுதிப் போட்டேன். “இந்த வருசம் முறுக்கு வேணும்னா இவங்ககிட்ட கேளுங்க. நான் சாப்பிட்டுப் பார்த்திருக்கேன். மொறுமொறுன்னு இருக்கும், பழைய எண்ணெய் வாசம் கிடையாது. நம்பி வாங்கலாம்.” அதற்குக் கீழே ஒரு கைப்பேசி எண்.

நான்கு வரியிலும் பொய் என்று ஒன்றுமில்லை. முறுக்கு நன்றாகத்தான் இருக்கும். சாப்பிட்டதும் உண்மை, சிறு வயதிலிருந்தே சாப்பிடுகிறேன். அந்த எண் கிள்ளானில் இருக்கும் என் சொந்த அக்காவுடையது என்பதை மட்டும் எழுதவில்லை.

மறந்துவிட்டேன் என்று பிறகு சிலரிடம் சொன்னேன். மறக்கவில்லை. ‘எங்க அக்கா செய்யிற முறுக்கு’ என்றுதான் முதலில் தட்டினேன். அக்கா என்று சொன்னால், ‘தம்பி வேறு எப்படிச் சொல்வான்’ என்று ஆட்கள் நகர்ந்துவிடுவார்கள் என்று தோன்றியது. அழித்துவிட்டு ‘இவங்ககிட்ட’ என்று மாற்றினேன். பத்து ஆண்டுக்கு மேல் ஒலிவாங்கி முன்னால் உட்கார்ந்தவனுக்கு, எந்தச் சொல்லை எடுத்தால் பொருள் விற்கும் என்பது தெரியாமலா இருக்கும்?

விற்றது. மூன்றே நாளில் ஐம்பது கிலோவுக்கு மேல். அக்காவும் மாமாவும் வேலைவிட்டு வந்து நள்ளிரவு வரை பிழிந்துகொண்டிருந்தார்கள். “என்னடா தம்பி, அம்பாங்கில இருந்து இத்தனை பேர் கூப்பிடுறாங்க?” என்று அக்கா கேட்டபோது, “உன் கைராசிக்கா” என்றேன்.

எங்கள் குழுவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிய அந்த வாரத்தில் உருவானது அது. யார் வீட்டில் கோதுமை மாவு மிச்சமிருக்கிறது, யாருக்கு ஈஸ்ட் கிடைத்தது என்று கேட்டுக்கொள்வதற்காக ஆரம்பித்தார்கள். அப்போது நாடு முழுவதும் இதே பைத்தியம்தான். சமைத்ததைப் படம் எடுத்துப் பெருமையாகப் போடும் முகநூல் குழுக்கள் பெருகின. அதற்குப் பதில் சொல்வதுபோல ‘மாசாக் அப்பா தா ஜாடி ஹாரி இனி’ என்று ஒரு குழு வந்தது. இன்றைக்கு எந்தச் சமையல் சொதப்பியது என்பதுதான் அங்கே பேச்சு. கருகிய கேக், கல்லாய்ப் போன ரொட்டி, கஞ்சியாய்ப் போன கேசரி. லட்சக்கணக்கானோர் சேர்ந்தார்கள். பெருமை பேசாத ஓர் இடம் கிடைத்தால் மலேசியர்கள் எவ்வளவு ஆசையாக ஓடிவருவார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி நான் பார்க்கவில்லை. என் அம்மாவும் அதில் இருந்தார், கருகிய தோசைக்கல்லோடு.

எங்கள் குழுவில் விற்பனைக்குத் தடை இல்லை. ஆனால் ஒரு முறை உண்டு. வெள்ளிக்கிழமை மட்டும்தான் விற்கலாம். விற்பவர் முதலில் ‘அட்மின், தும்பாங் இக்லான் யா’ என்று கேட்க வேண்டும். இந்த ‘தும்பாங்’ என்ற சொல்லை நாம் எல்லாரும் தமிழில் கலந்து பேசுகிறோம். இன்னொருவர் வண்டியில் இடம் கேட்டுத் தொற்றிக்கொள்வது. வண்டி அவருடையது, எண்ணெய் அவருடையது, போகிற பாதையும் அவருடையது. நாம் ஓரமாக உட்கார்ந்து வர அனுமதி கேட்கிறோம். விளம்பரம் செய்வதற்கு இதைவிடப் பணிவான சொல் வேறு மொழியில் இருக்கிறதா, எனக்குத் தெரியவில்லை. படித்த காலத்தில் ஊடக நெறி பற்றி இரண்டு செமஸ்டர் பாடம் எடுத்தார்கள். இந்த ஒரு சொல்லை யாரும் சொல்லித் தரவில்லை.

விலையை எழுதாமல் ‘பிஎம் தெப்பி’ என்று ஓரமாகக் கூப்பிடுவது எங்கள் குழுவில் கூடாது. 2013 ஜூலையில் நடப்புக்கு வந்த மின்வணிகப் பயனீட்டாளர் விதிகளே, இணையத்தில் வியாபாரம் செய்கிறவர் பெயரையும் முழு விலையையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்றன. எங்கள் அட்மின் அந்தச் சட்டத்தைப் படித்தவர் அல்ல. சந்தையில் மீன் விலையைக் காதோடு சொன்னால் யாருக்குத்தான் சந்தேகம் வராது என்பார்.

நான் முறுக்குச் செய்தி போட்டது ஒரு செவ்வாய்க்கிழமை. அது விளம்பரம் இல்லையே, நண்பரின் பரிந்துரைதானே. அதனால் யாரும் கேட்கவில்லை.

பி பிளாக்கில் ஓர் ஆண்ட்டி இருக்கிறார். கணவர் இல்லை. மகளும் இரண்டு பேரப்பிள்ளைகளும் கூட இருக்கிறார்கள். குழு ஆரம்பித்த நாளிலிருந்து, ராத்திரி பதினொரு மணிக்கு ‘இட்லி மாவு புளிக்கலையே’ என்று யாராவது கேட்டாலும் அவரிடமிருந்து குரல் பதிவு வந்துவிடும். எண்பது பேராவது அவர் சொல்லித்தான் பால்கோவா கிண்டக் கற்றிருப்பார்கள். வருடத்தில் ஒரு முறைதான் அவர் எதையாவது விற்பார். தீபாவளிக்கு முறுக்கு, அச்சு முறுக்கு, நெய் உருண்டை. அந்தப் பணம் பேரப்பிள்ளைகளின் பள்ளித் திறப்புச் செலவுக்கு என்பது குழுவில் எல்லாருக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை வந்ததும், வழக்கம்போல ‘அட்மின், தும்பாங்’ என்று கேட்டு, விலையோடு போட்டார். அதற்குள் குழுவில் பாதிப் பேர் என் அக்காவிடம் சொல்லிவைத்துவிட்டார்கள்.

எனக்கு இது அப்போது தெரியாது என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அவர் விற்பார் என்பது தெரியும். நான் யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

கிள்ளானுக்குப் போய் முறுக்கு வாங்கிவந்த சி பிளாக் தம்பதி, அக்கா வீட்டுச் சுவரில் என் கல்யாணப் படத்தைப் பார்த்திருக்கிறார்கள். அன்றிரவு குழுவில் சிரிப்புப் பொம்மைகளோடு ஒரு செய்தி: “அது உங்க சொந்த அக்காவா ப்ரோ? சொல்லவே இல்லையே!” அவர்கள் கிண்டலாகத்தான் கேட்டார்கள். யாரும் திட்டவில்லை. ஒருவர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். அப்புறம் பேச்சே இல்லை. மறுநாள் உறுப்பினர் பட்டியலைத் தேடினேன். பி பிளாக் ஆண்ட்டியின் பெயர் அதில் இல்லை.

என் கல்லூரி நண்பன் ஒருவன் அம்பாங்கிலேயே இருக்கிறான். பொறியாளர். மாமாக் கடையில் தே தாரிக்கை வைத்துக்கொண்டு அவனிடம் இதையெல்லாம் கொட்டினேன். “மச்சான், இது அப்படியே ரேட்பீர் கதைடா” என்றான்.

அவன் பெல்ஜியம் நாட்டு பீர் பிரியன். இந்தப் பக்கத்தைக் குடும்பத்தோடு படிக்கிறவர்கள் முகம் சுளிக்கலாம். நியாயம்தான். குடி நம் வீடுகளுக்குச் செய்தது கொஞ்சமல்ல. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளில், கள்ளுக்கடைகளை மூடு என்பதும் ஒன்று. நான் குடிப்பதில்லை. வானொலியில் மதுபான விளம்பரத்துக்கு இடமே கிடையாது என்பதால், தொழில் முறையிலும் எனக்கு அந்தப் பக்கம் போக்குவரத்து இல்லை. ஆனால் நண்பன் சொன்ன கதை பீரைப் பற்றியது அல்ல.

பெல்ஜியத்தில் பீர் என்பது நம் ஊர் சாம்பாரைப்போல. ஊருக்கு ஒரு பக்குவம், வீட்டுக்கு ஒரு வீம்பு. ஒவ்வொரு வகைக்கும் தனிக் கண்ணாடிக் குவளைகூட வைத்திருக்கிறார்கள். 2016-இல் யுனெஸ்கோ அந்தப் பண்பாட்டை மானுடத்தின் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. உலகம் முழுவதும் அதற்குப் பிரியர்கள் உண்டு. குடித்ததைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி, மதிப்பெண் போட்டு, ஒருவரோடு ஒருவர் சண்டை பிடிப்பவர்கள். அவர்கள் கூடிய இடங்களில் ஒன்றுதான் 2000-இல் தொடங்கிய ரேட்பீர். அங்கே எழுதியவர்கள் சாதாரண மனிதர்கள். சம்பளம் கிடையாது. எழுதுகிறவருக்கு அந்தப் பீரை விற்பதில் ஆதாயம் இருக்கக்கூடாது, இருந்தால் சொல்லிவிட வேண்டும் என்ற நம்பிக்கையில் நின்றது அந்த இடம். மது ஆலையில் வேலை செய்கிறவர் தன் ஆலைச் சரக்குக்குத் தானே மதிப்பெண் போட்டுக்கொள்வது அசிங்கம்.

2017 ஜூனில் ஒரு செய்தி வெளியானது. உலகின் மிகப் பெரிய பீர் நிறுவனமான ஏபி இன்பெவ், தன் முதலீட்டுப் பிரிவின் வழியாக ரேட்பீரில் ஒரு பங்கை வாங்கியிருந்தது. வாங்கியது 2016 அக்டோபரில். ஏறக்குறைய எட்டு மாதம் அங்கே எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கு அது தெரியாது. ஏபி இன்பெவ் தலைமையகம் இருப்பதும் பெல்ஜியத்தின் லூவன் நகரில்தான். மதிப்பெண் வாங்கும் மாணவனே தேர்வுத்தாள் திருத்தும் அறைக்குப் பாதி வாடகை கட்டியதுபோல. மதிப்பெண்களில் யாரும் கை வைக்கவில்லை என்று தளத்தை நடத்தியவர்கள் சொன்னார்கள். அது உண்மையாகவே இருக்கலாம். என் முறுக்கு மொறுமொறுவென்று இருந்ததும் உண்மைதானே. ஆனால் அமெரிக்காவின் டாக்ஃபிஷ் ஹெட் போன்ற சிறு ஆலைகள், எங்கள் பீர்களின் மதிப்பீடுகளை எடுத்துவிடுங்கள் என்று கேட்டன. 2019-இல் அந்த நிறுவனம் ரேட்பீரை முழுவதுமாக வாங்கியது. 2025 பிப்ரவரி முதல் தேதியோடு அது மூடப்பட்டது. இருபத்தைந்து ஆண்டு எழுத்து.

“பணம் போட்டதை யாரும் தப்புன்னு சொல்லலடா. முதல் நாளே சொல்லியிருந்தா பாதிப் பேர் முணுமுணுத்துட்டு இருந்திருப்பான். எட்டு மாசம் நாம எழுதினதை எல்லாம் யாருக்கு எழுதினோம்னு தெரியாம எழுதினோம் பாரு, அதுதான்” என்றான் நண்பன். அவன் ‘நாம’ என்று சொன்னதைக் கவனித்தேன். அவனும் அங்கே ஏதாவது எழுதியிருப்பான்.

அதே பெல்ஜியத்தில் இன்னொரு கதை இருக்கிறது. வெஸ்ட்ஃபிளேட்டரன் என்ற சிற்றூரில் சிந்த் சிக்ஸ்துஸ் என்ற கத்தோலிக்கத் துறவியர் மடம். 1831-இல் தொடங்கிய மடம், சில ஆண்டுகளிலேயே பீர் காய்ச்சவும் தொடங்கியது. துறவிகள் உழைத்துச் சாப்பிட வேண்டும் என்பது அவர்கள் சபையின் ஒழுங்கு. மடத்துச் செலவுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் காய்ச்சுவார்கள். விளம்பரம் இல்லை. புட்டியில் பெயர்ச்சீட்டுகூட இல்லாமல்தான் வெகுகாலம் விற்றார்கள். எந்த வகை என்று மூடியின் நிறத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

2005-இல் ரேட்பீர் பிரியர்கள் அந்த மடத்தின் ‘12’ என்ற பீரை உலகில் முதல் இடத்தில் வைத்தார்கள். மடத்து வாசலில் கார்கள் வரிசை கட்டின. வேறு யாராக இருந்தாலும் இரண்டாவது ஆலை கட்டியிருப்பார்கள். துறவிகள் அளவைக் கூட்டவில்லை. தொலைபேசியில் முன்கூட்டியே சொல்லி, கார் எண்ணைப் பதிந்துகொண்டு வந்தால் ஆளுக்கு இத்தனை என்று கொடுத்தார்கள். மறுபடி விற்காதீர்கள் என்பது மட்டும்தான் நிபந்தனை. 2019-இல்தான் இணையத்தில் பதிவு செய்யும் முறைக்கு மாறினார்கள்.

அந்த நிபந்தனையை மீறியவர்கள் உண்டு. 2018-இல் நெதர்லாந்தின் ஒரு பேரங்காடித் தொடர் எப்படியோ 7,200 புட்டிகளைப் பிடித்து, ஒன்று 9.95 யூரோவுக்கு விற்றது. மடத்தில் அதன் விலை இரண்டு யூரோ அளவுதான். துறவிகள் வருத்தப்பட்டார்கள். லாபம் போயிற்று என்பதற்காக அல்ல, நம்பிக் கொடுத்தது சந்தைச் சரக்காகிவிட்டது என்பதற்காக.

இதைக் கேட்டதும் ‘அடக்கமாக இரு, விற்காதே’ என்கிற உபதேசம் என்று நினைத்தேன். நண்பன் விடவில்லை. அந்தத் துறவிகளும் ஒரு முறை சத்தமாகவே விற்றிருக்கிறார்கள். 2011-இல் மடத்துக் கட்டடத்தைப் புதுப்பிக்கப் பணம் தேவைப்பட்டது. கோல்ரைட் என்ற பேரங்காடி வழியாக, ஆறு புட்டியும் இரண்டு குவளையும் கொண்ட பெட்டிகளை 25 யூரோவுக்கு விற்றார்கள். கிட்டத்தட்ட 93,000 பெட்டி. கட்டடத்துக்குப் பணம் வேண்டும், அதற்காக விற்கிறோம் என்று சொல்லிவிட்டே விற்றார்கள். விற்றுத் தீர்ந்தது. யாரும் அவர்களை வியாபாரி என்று ஏசவில்லை.

அம்பாங்கில் யோங் தவ் ஃபூ கடைகளைப் பாருங்கள். அசல் நாங்கள்தான் என்று எத்தனை பலகை! நாம் சிரித்துக்கொண்டே உள்ளே போய்ச் சாப்பிடுகிறோம். பலகை கடையின் தலையிலேயே இருக்கிறது, பேசுவது யார் என்று தெரிகிறது, அதனால் கோபம் வருவதில்லை. நான் என் பலகையைக் கழற்றி ஒளித்துவைத்துவிட்டு, வழிப்போக்கன்போல வாசலில் நின்று ‘உள்ள போங்க, நல்லா இருக்கும்’ என்று சொல்லியிருக்கிறேன்.

எனக்கு இது தெரியாத விஷயமும் இல்லை. அமெரிக்க வானொலியில் ஆலன் ஃப்ரீட் என்ற புகழ்பெற்ற அறிவிப்பாளர் இருந்தார். ‘ராக் அண்ட் ரோல்’ என்ற பெயரை ஊர் முழுக்கப் பரப்பியவர். பாடலை ஒலிபரப்பப் பணம் வாங்கும் வழக்கம் அம்பலமானபோது, 1959-இல் அவர் வேலை போயிற்று. அடுத்த ஆண்டே, பணம் வாங்கினால் நேயர்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று அங்கே சட்டம் திருத்தினார்கள். இங்கேயும் 2022-இல் திருத்திய உள்ளடக்க நெறிமுறை, சமூக ஊடகப் பிரபலங்கள் பணம் வாங்கிப் பரிந்துரைத்தால் அதைத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. நிலையத்தில் நான் ஒரு பொருளைப் பற்றிப் பேசும் முன்னும் பின்னும் விளம்பர இசை ஓடும். அந்த இசை நேயருக்குத் தருகிற மரியாதை. புலனத்தில் அந்த இசை இல்லை. அங்கே நான்தான் அதைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் மின்தூக்கியில் ‘நீங்கதானே அந்தக் காலை நிகழ்ச்சி’ என்று கேட்கிறவர்களிடம், அந்தக் காலை நிகழ்ச்சிக் குரலிலேயே விற்றேன்.

கிளம்பும்போது நண்பன் அந்தப் பிரியர்களின் வழக்கம் ஒன்றையும் சொன்னான். வெவ்வேறு ஊர்க்காரர்கள் புட்டிகளை அஞ்சலில் மாற்றிக்கொள்வார்களாம். பேசியது நான்கு புட்டி என்றால், பெட்டியைப் பிரிக்கும்போது ஐந்தாவதாக ஒன்று இருக்கும். யாரும் கேட்காதது, கணக்கில் வராதது. ஐந்தாவது இல்லாமல் பெட்டி வந்தால் சட்டப்படி ஒரு குறையும் இல்லை. ஆனால் பெறுகிறவருக்கு விஷயம் புரிந்துவிடும்.

மறுநாள் குழுவில் எழுதினேன். அவர் என் அக்கா, வேண்டுமென்றே சொல்லாமல் விட்டேன், மன்னியுங்கள், யாராவது மாற்றிக்கொள்ள விரும்பினால் அக்காவிடம் நானே பேசுகிறேன் என்று. சிலர் ‘இதுக்குப் போய்’ என்றார்கள். ஏழெட்டுப் பேர் மாற்றிக்கொண்டார்கள். அட்மின் ஒரு வரிதான் எழுதினார்: “அடுத்த தடவை வெள்ளிக்கிழமை போடுங்க.”

அக்காவிடம் சொன்னதுதான் கஷ்டமாக இருந்தது. நான் எதிர்பார்த்தது திட்டு. அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “என் முறுக்குல என்னடா குறை, என்னைச் சொல்லிக்க உனக்கு வெட்கமா?” என்றாள். அந்தக் கோணத்தில் நான் யோசித்ததே இல்லை. மாமாதான் தொலைபேசியை வாங்கி வேறு பேச்சுப் பேசினார்.

தீபாவளிக்கு நான்கு நாள் முன்னால் பி பிளாக் போனேன். கிரில் கதவைத் திறந்த ஆண்ட்டி, “வாங்க தம்பி” என்றார். வீடு முழுக்க ஓமமும் எண்ணெயும் மணத்தது. மேசைமேல் பைகள் அடுக்கியிருந்தன, வழக்கமாக இந்த நேரத்தில் காலியாகியிருக்க வேண்டியவை. சொல்ல வந்ததைச் சொன்னேன். “பரவால்ல தம்பி. சொந்த அக்காவுக்குச் செய்யாம யாருக்குச் செய்வீங்க” என்றார். குரலில் கோபம் இல்லை. திரும்பக் குழுவுக்கு வாருங்கள் என்றேன். கண் சரியாகத் தெரியவில்லை, கைப்பேசி பார்ப்பதைக் குறைத்துக்கொண்டேன் என்றார்.

இரண்டு கிலோ கேட்டேன். தராசில் வைத்தார். முள் இரண்டுக்குக் கொஞ்சம் கீழே நின்றது. இரண்டு முறுக்கு எடுத்து வைத்தார், சரியாக வந்தது. கிலோ 35 வெள்ளி. நூறு வெள்ளித் தாளைக் கொடுத்தேன், மீதம் முப்பதை எண்ணிக் கையில் வைத்தார். ஒவ்வொரு வருடமும் நிறுத்து முடித்த பிறகு, “புள்ளைங்களுக்கு” என்று சொல்லி, டப்பாவுக்குள் கையை விட்டு ஒரு கை அள்ளிப் பையில் போடுவார். நான் பையின் வாயை விரித்துப் பிடித்தபடி நின்றேன். அவர் பையை வாங்கி, ரப்பர் வளையத்தை இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டிக் கொடுத்தார்.